ஒரு வாய்த் தண்ணீர்

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடி மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வசந்தாமணி எழுந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை அப்படியே நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்க அம்மிணி எந்திரிக்கற?" என்றாள் பாவாயி. பெட்டிக்குள் படுத்திருந்த தங்கசாமிக்கு உடன்பிறந்த அக்கா. நேற்றுப் பொழுதோடு வந்து இறங்கியவள், தம்பியின் தலைமாட்டை விட்டு நகரவே இல்லை.

"மாத்திரை போடணுங்க நங்கை."

"என்ன மாத்திரை?"

"பிரஷர் மாத்திரைதானுங்க. போடற நேரம் ஆயிருச்சு."

ஃப்ரீசர் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. சுவரோரம் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் முழங்கையை இடித்தாள்.

"புருசன் பெட்டிக்குள்ள கெடக்கறான். இவளுக்கு மாத்திரைக்கு நேரம் தவறக் கூடாதாமா."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் யாருக்குக் கேட்க வேண்டுமோ அவளுக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள். வசந்தாமணி திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறைக்குள் போய், மாத்திரை ஒன்றைக் கிள்ளி எடுத்து வாயில் போட்டு, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். தொண்டையில் அது இறங்குவது தெரிந்தது.

விடிந்ததிலிருந்து அவள் அழவில்லை. அழுகைக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து குறுக்கே நின்றுகொண்டிருந்தது.

நேற்றுக் காலையில் கோழிப்பண்ணையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கசாமி, இடது கையை உதறிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் சாய்ந்துவிட்டார். நாமக்கல்லுக்குக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் அங்கே இருந்த டாக்டர்.

"பிரஷருக்கு மாத்திரை போட்டுட்டு இருந்தாராம்மா?"

"தவறாம போட்டுட்டு இருந்தாருங்க."

டாக்டர் கையிலிருந்த தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ஆனால் நர்ஸ் பெண் அதற்கு முன்பே வாய் தவறிச் சொல்லியிருந்தாள், மேல் அளவு இருநூற்றைத் தாண்டி நிற்கிறது என்று. பொழுது சாயுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

தவறாமல் மாத்திரை போட்ட மனுசனுக்கு எப்படி இருநூறு?

வேறு யாராவது என்றால் விதி என்று விட்டுவிடுவார்கள். வசந்தாமணிக்கு அது முடியாது. எட்டு வருடத்துக்கு முன்னால் மோகனூர்த் திருவிழாவில் இலவச முகாம் போட்டிருந்தார்கள். நிழலுக்கு ஒதுங்கியவளின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து, உங்களுக்குப் பிரஷர் அதிகம் என்றார்கள். எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்றாள். ஒன்றும் செய்யாதுங்கம்மா, அதுதான் இதில் தொந்தரவே என்றார்கள். அந்தப் பேச்சு அன்றைக்கு அவளைப் பிடித்துக்கொண்டது. பரமத்தி ரோட்டில் இருக்கும் டாக்டரம்மாவிடம் போகும்போதெல்லாம், கேட்க வேண்டியதை வழியிலேயே மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போவாள். எதற்கு இந்த மாத்திரை, எத்தனை நேரம் வேலை செய்யும், ஒருவேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடலாமா, கூடாதென்றால் ஏன் கூடாது. டாக்டரம்மா முதலில் சிரித்தார். பிறகு, "வசந்தாமணிம்மா வந்தா கூட ரெண்டு நிமிசம் ஒதுக்கிரணும்" என்று நர்ஸிடமே சொல்லிவைத்தார்.

ஊறுகாய் ஜாடியும் கருவாட்டுப் பானையும் அவள் வீட்டை விட்டு வெளியே போயின. பிரஷர் பார்க்கிற மிஷின் உள்ளே வந்தது. முட்டை ஏற்ற வரும் லாரி டிரைவர்களிடம் தங்கசாமி பெருமையாகச் சொல்வார்: "எங்க ஊட்டுல பாதி டாக்டர் இருக்குது. மீதிப் பாதிக்குத்தான் நாங்க பீஸ் குடுக்கறது."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய முறை வந்தது. பிரஷரும் இருந்தது, ரத்தத்தில் கொழுப்பும் இருந்தது. டாக்டரம்மாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "முட்டை திங்கலாமுங்களா?"

"தெனம் ஒண்ணு தின்னுங்க. முட்டையில பிரச்சனை இல்ல. நீங்க டீக்கடையில நின்னு திங்கற போண்டாவும் பஜ்ஜியும்தான் பிரச்சனை. அப்பறம் அந்த பீடி."

"அது போதுமுங்க. முட்டைக்காரனே முட்டை வேண்டாம்னு சொல்லிட்டா, கேரளாக்காரன் எதை நம்பி வண்டி அனுப்புவான்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கால் இரண்டும் தரையில் படியவைத்து, கையை மேசை மேல் நீட்டச் சொல்லி, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வைப்பாள். மாத்திரை முழுங்குவதை விட அதுதான் அவருக்குக் கஷ்டம். மூன்றாவது நிமிடத்தில், "தீவன வெலை ஏறிப்போச்சு தெரியுமா" என்று ஆரம்பிப்பார். அவள் முறைத்தால் வாயை மூடிக்கொள்வார். சில மாதத்தில் அளவு இறங்கி நூற்று இருபத்தாறில் வந்து நின்றது.

"செரியாப் போச்சு, பாத்தியா?"

"மாத்திரை போடறதுனாலதானுங்க செரியா இருக்குது."

தலையை ஆட்டினார். அப்புறம் இந்த வருடம் மாசி முடிந்து வெயில் ஏறியது. கோழிகள் வெக்கை தாங்காமல் செத்து விழ ஆரம்பிக்கும் காலம். விடியுமுன் பண்ணைக்குப் போய்விடுவார். டிபனும் அங்கேயே போய்விடும். மாத்திரை அட்டையையும் அங்கேயே வைத்துக்கொள்கிறேன் என்று எடுத்துப்போனார். கேட்டால், "போட்டாச்சு, போட்டாச்சு." மிஷினை எடுத்தால், "அடுத்த வாரம் பாத்துக்கலாம், ஷெட்டுக்குத் தண்ணி தெளிக்கற ஃபாகர் போட ஆள் வந்துட்டான்." அவள் நம்பினாள்.

சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பேச்சு இப்போது வேறு பக்கம் போயிருந்தது.

"மாத்திரையெல்லாம் போட்டுத்தான இருந்தான் எந்தம்பி. என்ன பண்ணுச்சு அது? காப்பாத்துச்சா?" என்றாள் பாவாயி. "எனக்கும் ரெண்டு எழுதிக் குடுத்திருக்கறான். இன்னிமேல் தொடறதில்ல."

"அது கிட்னியத் தின்னுருமாங்க பெரியம்மா."

"பின்ன? உள்ள போறது மருந்தா, வெசமான்னு நமக்கு என்ன தெரியும்?"

எப்போதும் இந்த மாதிரிப் பேச்சுக்கு வசந்தாமணியிடம் பதில் இருக்கும். சிரித்துக்கொண்டே சொல்வாள். இன்றைக்கு வாயைத் திறக்க முடியவில்லை. கேள்வி அவளிடமே இருந்தது.

அப்போதுதான் மாலையோடு மருதாசலம் வந்தான். நாமக்கல்லில் கோழி மருந்துக் கடை வைத்திருப்பவன். பண்ணைக்கு வேண்டிய மருந்து, டானிக், தடுப்பூசி எல்லாம் அவன் கடையிலிருந்துதான் வரும். மாலையைப் பெட்டி மேல் சாத்திவிட்டு, செருப்பில்லாத காலைப் பின்னால் எடுத்து வைத்து, அவளிடம் வந்து குனிந்து நின்றான்.

"நெனச்சே பாக்கலீங்கக்கா. போன மாசம்கூட அண்ணனும் மோகனும் கடைக்கு வந்து சித்த நேரம் பேசிட்டு இருந்துட்டுப் போனாங்க. உடம்பு எப்புடிங்ணான்னு கேட்டேன். நல்லாருக்குதப்பா, கோர்ஸ் முடிச்சாச்சுன்னு சொன்னாரு."

"என்ன கோர்ஸ்?"

"அதானுங்க, பிரஷர் மாத்திரை."

வசந்தாமணி அவன் முகத்தையே பார்த்தாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. ஆனால் அதற்குள் பாதி சொல்லியாகிவிட்டது. பாதியில் நிறுத்துவதும் மரியாதையாக இல்லை.

"இல்லீங்கக்கா... சளிக்கு மருந்து வாங்க வந்தாரு, கோழிக்கு. அஞ்சு நாள் தண்ணியில கலந்து வுடுங்க, அதுக்கு மேல வேண்டாம், முட்டையில எறங்கிரும்னு எப்பவும் சொல்றதுதான், அதைச் சொன்னேன். மனுசனுக்கும் அப்புடித்தான்டா, வியாதி செரியாப் போனப்பறம் மருந்த உள்ள வுட்டா ஒடம்புக்குத்தான் கேடுன்னாரு. அப்பனும் மவனும் ஒண்ணாவே நிறுத்திட்டோம், இன்னி லிவர் டானிக்தான் பாக்கின்னு சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

கும்பிட்டுவிட்டு வேகமாக வெளியே போய்விட்டான்.

கண்ணாடிக்குள் தங்கசாமி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நெற்றியில் வைத்த காசு லேசாகச் சரிந்திருந்தது. முப்பது வருடமாக அந்த மனுசன் பண்ணையைக் கட்டிக் காத்த முறை அவளுக்குத் தெரியும். சீக்கு வந்தால் மருந்து. சீக்குப் போனால் மருந்தை நிறுத்து. தொட்டியைக் கழுவு. டானிக் கொடு. அந்த முறையில் அவர் லட்சக்கணக்கான கோழியைப் பிழைக்க வைத்திருக்கிறார். ஒரு நாள்கூடக் கணக்குத் தவறியதில்லை. அதே கணக்கைத் தனக்கும் போட்டுக்கொண்டார்.

அவளுடைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அதற்குப் பதில் மருதாசலம் சொன்னதில் ஒரு துண்டு மட்டும் காதில் திரும்பத் திரும்ப விழுந்தது. அப்பனும் மவனும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் மகன் மோகன்குமாரை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனதே அவள்தான். நாற்பது வயசு ஆகவில்லை, அதற்குள் நூற்று அறுபதுக்கு மேல். அவனுக்கும் தினம் ஒரு மாத்திரை எழுதினார்கள். எதிர் வீட்டில் தனிக்குடித்தனம் இருக்கிறான், மருமகள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டாள்.

எட்டி வாசலைப் பார்த்தாள். பந்தலுக்கு வெளியே, வெயிலில், மோகன்குமார் வெற்று உடம்போடு பாடை கட்டுகிறவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நேற்றிலிருந்து தூங்கவில்லை. ஒன்றும் சாப்பிடவில்லை. கயிறைக் கொடுத்துவிட்டு, பிடரியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நின்றான். இன்னும் அவன் கொள்ளிச் சட்டி தூக்க வேண்டும். வாய்க்கால் தாண்டிச் சுடுகாடு வரைக்கும் அந்த வெயிலில் வெறுங்காலோடு நடக்க வேண்டும்.

வசந்தாமணி இரண்டாவது முறையாக எழுந்தாள். இந்த முறை யாரும் கேட்கவில்லை. பார்த்தார்கள்.

மருமகள் தனப்பிரியா பொடக்காளியில் காப்பித் தண்ணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்த இடத்தில் மட்டும்தான் கூட்டம் இல்லை.

"மோகன் மாத்திரைய நிறுத்திட்டானா?"

தனப்பிரியா அண்டாவை மூடினாள். "எனக்கே போன வாரந்தாங்கத்தை தெரியும். ஏனுங்க நிறுத்துனீங்கன்னு கேட்டா, அப்பாவே நிறுத்திட்டாருங்கறாரு. மாமாகிட்டக் கேட்டா, மோகனே நிறுத்திட்டானேங்கறாரு. நான் ஆருகிட்டன்னு போயிச் சொல்றது?"

"எங்கிட்டச் சொல்றது."

"சொன்னா உங்களுக்குப் பிரஷர் ஏறிரும், சொல்லாதன்னு மாமாதானுங்க சொன்னாரு."

வசந்தாமணிக்குச் சிரிப்பு போல ஒன்று வந்து நெஞ்சிலேயே நின்றுகொண்டது.

"அவன் மாத்திரை ஊட்டுல இருக்குதா?"

"பீரோவுல அப்படியே கெடக்குதுங்க."

"எடுத்துட்டு வா. மிஷினையும் எடுத்துட்டு வா. அவனத் தீவன ரூமுக்கு வரச் சொல்லு."

"இப்பவாங்கத்தை? ஒறம்பரைச் சனமெல்லாம் பாப்பாங்களே."

"பாக்கட்டும்."

தீவன மூட்டை அடுக்கும் அறையில் மக்காச்சோள வாசனை அடித்தது. மோகன்குமார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மிஷினைப் பார்த்ததும் முகம் சுளித்தான்.

"ஏம்மா, அப்பா அங்க கெடக்கறாரு. இப்பப் போயி இதை எடுத்து வெச்சுட்டு..."

"உக்காரு கண்ணு."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"உக்காரு."

மூட்டை மேல் உட்கார்ந்தான். கையில் பட்டையைச் சுற்றினாள். "பேசாத. காலத் தரையில வெய்யி." ஐந்து நிமிடம். வாசலில் தப்பு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சத்தத்தில் ஓட்டுத் தூசி உதிர்ந்தது. தாயும் மகனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிஷின் காற்றை இறுக்கியது, விட்டது. நூற்று எண்பத்தெட்டு, நூற்றுப் பன்னிரண்டு. சற்று விட்டு இன்னொரு முறை பார்த்தாள். பெரிய வித்தியாசம் இல்லை. தூக்கம் இல்லாததற்கும் துக்கத்துக்கும் கொஞ்சம் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம்தான்.

அவன் எண்ணைப் பார்த்தான். சட்டென்று திரும்பிக்கொண்டான்.

டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து கேள்விகள் வந்தன. தலைவலி உண்டா, கண் மங்குதா, நெஞ்சில் வலி, மூச்சு வாங்கல், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல். வசந்தாமணி ஒவ்வொன்றாக அவனிடம் கேட்டுச் சொன்னாள். கழுத்து மட்டும் பிடிக்கிறது, வேறு ஒன்றும் இல்லை.

"அவரு பழைய மாத்திரையவே இப்பப் போடச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும். தண்ணி நல்லாக் குடிக்கணும். வெயில்ல நடக்க வுடாதீங்க. நான் கேட்டதுல எது வந்தாலும், காரியம் பாதியில நின்னாலும் பரவால்லன்னு உடனே கொண்டாந்துருங்க. நாளைக்கு எங்கிட்ட வரணும்."

"செரிங்க டாக்டரம்மா."

"வசந்தாமணிம்மா... நீங்க போட்டீங்களா?"

"போட்டுட்டனுங்க."

ஃபோனை வைத்தபோது பாவாயி வாசற்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"ஏன், அவன் மாத்திரை வாரதுக்குள்ள தம்பியோட மாத்திரை அட்டை பண்ணையிலதான கெடக்கும்? அதுல ஒண்ணக் குடுக்கறது."

"ஒருத்தரு மாத்திரைய இன்னொருத்தரு போடக் கூடாதுங்க நங்கை. அது அவருக்குன்னு பாத்துக் குடுத்தது."

தனப்பிரியா மாத்திரையும் தண்ணீர் டம்ளருமாக உள்ளே நுழைந்தாள். அவள் பின்னாலேயே ராசியண்ணனும் நுழைந்தார். தங்கசாமிக்குப் பெரியப்பா மகன். பங்காளிகளில் மூத்தவர். இன்றைய காரியம் முழுக்க அவர் சொல்படிதான் நடந்துகொண்டிருந்தது.

"பையனக் காணமேன்னு தேடறேன். இங்க என்ன பண்றீங்க?" டம்ளரைப் பார்த்தார். "தண்ணியா? ஏம்மா வசந்தா, உனக்குத் தெரியாததா? கொள்ளி வெக்கறவன் காரியம் முடியற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக் கூடாது."

"மாத்திரை முழுங்கத்தானுங்க மாமா. ஒரு வாய்த் தண்ணி."

"ஒரு வாயின்னாலும் தண்ணிதான. ஒரு நாளு மாத்திரை போடலீன்னா என்ன ஆயிரும்?"

கேட்ட கேள்வி எங்கே போய் நிற்கிறது என்று அவருக்கே உறைத்தது போல, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

வசந்தாமணி குரலை உயர்த்தாமல் கேட்டாள். "நீங்க காலையில போட்டீங்களா மாமா?"

"எது?"

"உங்க பிரஷர் மாத்திரை."

ராசியண்ணன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "போட்டுட்டுத்தான் வந்தேன்."

"எதுல முழுங்குனீங்க?"

"காப்பியில."

தனப்பிரியா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ராசியண்ணன் சிறிது நேரம் தீவன மூட்டைகளை எண்ணுகிறவர் போல நின்றார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கதவச் சாத்திட்டுக் குடுங்க. வெளியில நான் பாத்துக்கறேன்."

"வெயில்ல நடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்குது மாமா."

"காது கேக்குது எனக்கு."

வெளியே போனதும் அவர் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. "ஏப்பா, பாடை கட்டுனது போதும். நெலம் நெருப்பாட்டக் காயுது, பெரிய மனுசங்க இத்தன பேரு நடக்க முடியுமா? பரமத்தி வேலூர்ல சொல்லி வண்டி வரச் சொல்லுங்க. வண்டியிலயே போயிரலாம்." யோசனை அவருக்கே தோன்றியது போலத்தான் இருந்தது.

கதவைச் சாத்தினாள் தனப்பிரியா. வசந்தாமணி மாத்திரையை மகனிடம் நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை.

"வேண்டாம்மா."

"பெரியப்பாவே சொல்லிட்டாரு. அப்பறம் என்ன?"

"அதுக்கில்ல." தலையைக் குனிந்துகொண்டான். மார்பில் வியர்வை வழிந்து வேட்டி விளிம்பை நனைத்தது. "அப்பா மொதல்ல நிறுத்தலம்மா. கால் வலிக்குது, கொழுப்பு மாத்திரையாலதான் வலிக்குதோ என்னமோன்னு எங்கிட்டத்தான் கேட்டாரு. டாக்டரம்மாகிட்டக் கேக்கலாம்னு சொன்னாரு. நாந்தான்... அளவுதான் செரியாப் போச்சேப்பா, கோழிக்குன்னா இந்நேரம்..."

வசந்தாமணி டம்ளரை எடுத்தாள். தனப்பிரியா மூச்சு விடாமல் அத்தையைப் பார்த்தாள். பாவாயி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"நானும் நிறுத்தறேன்ப்பான்னு சொன்னது நாந்தாம்மா. நான் சொல்லாம இருந்திருந்தா அவரு..."

"வாயத் தெற சாமி."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அதை அப்பறம் பேசிக்கலாம். வாயத் தெற."

திறந்தான். மாத்திரையை நாக்கின் மேல் வைத்தாள். டம்ளரை அவளே வாயில் வைத்துச் சாய்த்தாள். அவன் முழுங்கினான். கொஞ்சம் தண்ணீர் மோவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"மிச்சத்தையும் குடி."

குடித்து முடித்தான். காலி டம்ளரைத் தனப்பிரியாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து, கதவைத் திறந்துகொண்டு தப்புச் சத்தத்துக்குள் போனான்.

திருச்செங்கோட்டிலிருந்து வசந்தாமணியின் தம்பி கோடிச் சீலையோடு வந்து சேர்ந்தபோது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தண்ணி வார்த்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். பெண்கள் வட்டமாகக் கைகோத்து அழுதார்கள். செய்ய வேண்டியதையெல்லாம் அவர்கள் சொல்லச் சொல்ல வசந்தாமணி செய்தாள். வண்டியில் ஏற்றும்போது அவளைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் வந்தார்கள். அவள் பார்வை மட்டும் வண்டிக்கு முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் கொள்ளிச் சட்டியோடு உட்கார்ந்திருந்த மகனிடமே இருந்தது. அவன் உட்கார்ந்துதான் போகிறான். அது போதும்.

வண்டி வாய்க்கால் மேட்டில் ஏறி மறைந்ததும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி இருந்த இடத்தில் தண்ணீர் ஓடியது. பண்ணையிலிருந்து கோழிகளின் சத்தம் வந்துகொண்டே இருந்தது. முட்டை பொறுக்குகிற பெண்கள் இரண்டு பேர் தயங்கித் தயங்கி வந்து, ட்ரேயில் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டார்கள். எடுத்து வையுங்க, சாயங்காலம் வண்டி வரும் என்றாள்.

ஈரத் தலையோடு பாவாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் சொன்னத நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டன் வசந்தா."

"தெரியுங்க நங்கை."

"பையன் மேல வெசனப்படாத. சின்னஞ்சிறுசுல இருந்தே அப்பனும் மவனும் ஒரே மாதிரிதான்."

வசந்தாமணி வாய்க்கால் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க காலையில போட்டீங்களா?"

"என்னத்த, மாத்திரையா? கொண்டாரலியே. எழவு ஊட்டுக்கு வாரவ மாத்திரைய மடியில கட்டிக்கிட்டா வருவா?"

"ஊருல இருந்து ஆரையாச்சும் கொண்டாரச் சொல்லுங்க."

"பாக்கலாம்."

"பாக்கலாம் இல்லீங்க. இப்பச் சொல்லுங்க."

பாவாயி முணுமுணுத்துக்கொண்டே ஃபோனை எடுத்து, கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்து, பேத்தியின் பெயரைத் தேட ஆரம்பித்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆண்கள் திரும்பினார்கள். ஒவ்வொருவராக வாசலில் கால் கழுவி, விளக்கைப் பார்த்துவிட்டு, நிற்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். ராசியண்ணன் அவளைக் கடக்கும்போது, "தண்ணி பாட்டில வண்டியிலயே வெச்சிருந்தேன், ரெண்டு தடவ குடிச்சான்" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

கடைசியாக மோகன்குமார் வந்தான். தலையும் மீசையும் மழித்திருந்தார்கள். ஈர வேட்டி காலில் ஒட்டியிருந்தது. விளக்கைக் கும்பிட்டுவிட்டு, அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கழுத்து?"

"பரவால்ல. இப்ப இல்ல."

"கண்ணு நல்லாத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

தனப்பிரியா சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை. எதிரில் பண்ணையின் நீளமான கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குப் பால் தெளிச்சுட்டு அப்புடியே டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வந்தர்லாம்" என்றாள்.

"ம்."

"சாப்புடு."

"இனி எத்தன நாளைக்கும்மா?"

மாத்திரையைக் கேட்கிறானா, வேறு எதையாவது கேட்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள். அவன் குனிந்து முதல் கவளத்தைப் பிசைந்தான்.

புதிதாக மழித்த தலை வெளுத்துக் கிடந்தது. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டின் ஓரத்தில், ஒரு நரம்பு மெல்ல எழும்பி எழும்பித் தணிந்துகொண்டிருந்தது. வசந்தாமணி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.